விழுங்கும் செல்லுக்கு விளக்குப் பிடிப்பது

"எலிகளிடம் நடத்திய சோதனையில் வெற்றி" என்று நாளிதழில் செய்தி வந்தால், சோதனைக்கு உட்பட்டது பெரும்பாலும் சுண்டெலியாகத்தான் இருக்கும். நம் வீட்டுப் பேச்சில் எலி வேறு, சுண்டெலி வேறு, பெருச்சாளி வேறு. அச்சில் ஏறும்போது மட்டும் மூன்றும் எலியாகிவிடுகின்றன. செய்தி படிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. ஆய்வுக்கூடத்துக்கு எதிர்ப்பொருள் வாங்குபவருக்கு நட்டம் உண்டு. சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் செல்களைக் காட்டுவதில் புகழ்பெற்ற எஃப்4/80 என்ற எதிர்ப்பொருளை எலியின் திசுமீது ஊற்றினால் எதுவும் ஒளிராது. காரணம், அந்த எதிர்ப்பொருளைத் தயாரித்துக் கொடுத்ததே எலிதான். ஜொனதன் ஆஸ்டினும் சியாமன் கார்டனும் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்களை எலிக்குச் செலுத்தினார்கள். எலியின் உடல் அவற்றில் அந்நியமாகத் தெரிந்ததற்கெல்லாம் எதிர்ப்பொருள் செய்தது. தன் செல்லில் இருப்பதற்கு எதிராக எந்த உடலும் எளிதில் ஆயுதம் எடுக்காது.

ஆகவே எலியின் மேக்ரோஃபேஜைக் காட்டும் எதிர்ப்பொருள் வேண்டுமென்றால், எலியின் செல்லைச் சுண்டெலிக்குக் காட்ட வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டின் டெய்க்ஸ்ட்ராவின் குழு செய்தது அதுதான். 1985-ல் 'இம்யூனாலஜி' ஆய்விதழில் அவர்கள் அறிமுகப்படுத்திய மூன்று எதிர்ப்பொருள்களுக்கு ஈடி1, ஈடி2, ஈடி3 என்று பெயர். எலியை வைத்து அழற்சி, சிறுநீரக நோய், நரம்புக் காயம், உடலுக்குள் பொருத்தும் செயற்கைப் பொருள்கள் ஆகியவற்றை ஆராய்வோர் நாற்பது ஆண்டுகளாக இந்த மூன்று பெயர்களைப் புழங்கி வருகிறார்கள்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பது எலியின் மண்ணீரலில் பளிச்சென்று தெரியும். மண்ணீரலை உறையவைத்து மெல்லிய சீவல்களாக வெட்டி, அடுத்தடுத்த மூன்று சீவல்களில் மூன்றையும் தனித்தனியாகப் பூசுவதாக வைத்துக்கொள்வோம். ஈடி2 பூசிய சீவலில், பழைய சிவப்பணுக்கள் அழிக்கப்படும் சிவப்புக் கூழ் முழுக்கச் செல்கள் தெரியும்; வெண்கூழ் இருண்டு கிடக்கும். ஈடி3 பூசியதில் சிவப்புக் கூழ் மங்கி, வெண்கூழைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல வளையங்கள் எழும். வெண்கூழின் விளிம்பில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அவை. ஈடி1 பூசியதில் இரு பகுதிகளிலும் பரவலாகப் புள்ளிகள். உறுப்பு ஒன்று, செல்லுக்கு நாம் வைத்த பெயரும் ஒன்று, கிடைக்கும் படங்கள் மட்டும் மூன்று. எதிர்ப்பொருள் ஒட்டுவது ஒரு மூலக்கூற்றில். அந்த மூலக்கூற்றை வைத்து "இது மேக்ரோஃபேஜ்" என்று சொல்வது நாம். ஒட்டுதலுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வேறு பல செல்களிலும் இந்தத் தூரம் உண்டு. மேக்ரோஃபேஜில் அது ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

மேக்ரோஃபேஜ் என்ற கிரேக்கச் சொல்லைப் 'பெருந்தின்னி' என்று தமிழாக்கலாம். 1882-ல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் இலியா மெச்னிகோவ், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம்பருவ உடலில் முள்ளைக் குத்தி வைத்தார். நகரும் செல்கள் வந்து அந்த முள்ளை மொய்த்ததைக் கண்டார். விழுங்கும் செல் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு இந்தச் செல்லை அடையாளம் காண ஒரே வழி, அதற்குத் தீனி போட்டுப் பார்ப்பதுதான். கார்மின் போன்ற சாயத்தை விலங்கின் உடலில் செலுத்துவார்கள். எந்தச் செல் அதை வாரி விழுங்கி நிறமேறி நிற்கிறதோ அது இந்த வகை. முரட்டு முறைதான். ஆனால் ஒரு நேர்மை இருந்தது. தின்பதை வைத்துத் தின்னி என்றார்கள். இன்று அதன் மேல்தோலிலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்துவிட்டுத் தின்னி என்கிறோம்.

மாற்றம் தொடங்கியது ஆல்பர்ட் கூன்ஸிடமிருந்து. ஹார்வர்டில் பயின்ற இந்த இளம் மருத்துவர் 1939-ல் பெர்லினில் இருந்தபோது வாதக் காய்ச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இதயத் தசையில் அந்நோய் உண்டாக்கும் முடிச்சுகளுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பொருள் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் கண்ணால் பார்ப்பது எப்படி? கிருமியைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருளின்மீதே ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய யோசனை. சாதாரணச் சாயத்தைக் கட்டினால் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு நிறம் வராது. புற ஊதாவை வாங்கி வேறு நிறத்தில் உமிழும் பொருளைக் கட்டினால், இருட்டில் அகல்விளக்குபோலச் சிறிதளவும் தெரியும்.

1941-ல் அவரும் கூட்டாளிகளும் ஆந்த்ரசீன் வகைச் சாயத்தை நிமோனியாக் கிருமியின் எதிர்ப்பொருளோடு இணைத்தார்கள். கண்ணாடியில் வைத்த கிருமிகள் நீலமாக ஒளிர்ந்தன. அதைத் திசுவுக்குக் கொண்டுபோனபோது தடை வந்தது. புற ஊதா பட்டால் திசுவும் இயல்பாகவே நீலமாக ஒளிர்கிறது. நீலத்துக்குள் நீலத்தைத் தேட முடியாது. அடுத்த ஆண்டு ஃப்ளூரசீனுக்கு மாறினார்கள். அதன் மஞ்சள்கலந்த பச்சை, திசுவின் நீலத்திலிருந்து தனித்து நின்றது. அப்போது அதை இணைக்கப் பயன்பட்ட ஐசோசயனேட் வகைப் பொருளைத் தயாரிக்க ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு தேவை. முதல் உலகப் போரில் ஆயுதமாக இருந்த அதே வாயு. உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இதைச் செய்து பார்க்கத் துணியவில்லை என்றால் அதில் வியப்பில்லை. 1958-ல் கான்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஐசோதயோசயனேட் வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் ஃப்ளூரசீன் எல்லார் கைக்கும் வந்தது. எஃப்ஐடிசி என்று இன்றும் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டிகளில் உட்கார்ந்திருப்பது அதுதான். 495 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கி 519 அருகே பச்சையாக உமிழும்.

கூன்ஸின் குழு 1950-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நிமோனியாக் கிருமியின் சர்க்கரை உறையைச் சுண்டெலிக்குச் செலுத்திவிட்டு, அது உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்று இந்த முறையால் தேடினார்கள். கல்லீரல், மண்ணீரல் இவற்றின் விழுங்கும் செல்களில் அது கிடைத்தது. ஒளிரும் எதிர்ப்பொருளுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் உறவு ஆரம்பத்திலேயே ஏற்பட்டுவிட்டது. அன்று தேடியது செல்லின் வயிற்றில் கிடந்த பொருளை. செல்லின் முகத்தைத் தேட வேறொரு கருவி வர வேண்டியிருந்தது.

1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் உருவாக்கிய மோனோகுளோனல் முறை அந்தக் கருவி. ஒரே ஒரு எதிர்ப்பொருளைச் செய்யும் செல்லை, சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் எடுக்கலாம். இந்த முறையின் முதல் பெரிய அறுவடைகளில் ஒன்று எலியில் நடந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1977-ல் ஆலன் வில்லியம்ஸ், கால்ஃப்ரே, மில்ஸ்டைன் ஆகியோர் எலியின் லிம்ஃபோசைட் செல்களுக்கு எதிராக உருவாக்கியவற்றில் டபிள்யூ3/25 என்பதும் ஒன்று. பின்னால் சிடி4 என்று உலகம் அறிந்த மூலக்கூற்றை எலியில் காட்டுவது அதுதான். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த எதிர்ப்பொருள்களுக்கு ஊர்ப்பெயரைச் சுருக்கி ஓஎக்ஸ் என்று எண் போட்டார்கள். 1986-ல் வந்த ஓஎக்ஸ்-42, எலியின் மூளையில் வாழும் மைக்ரோகிளியா செல்களைக் கிளைகளோடு காட்டுவதற்குப் பெயர்பெற்றது.

எலி அன்று முன்வரிசையில் இருந்தது. பிறகு சுண்டெலியில் மரபணுவை நீக்கும் வித்தை கைகூடியதும் பணமும் ஆட்களும் கருவிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. எலியில் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் திட்டமிட்டு முடக்கும் முறை 2009-ல்தான் வந்தது. சுண்டெலிக்கும் எலிக்கும் இடையே விழுந்த இந்தச் சுமார் இருபது ஆண்டு இடைவெளியின் தழும்பை இன்றும் விற்பனைப் பட்டியல்களில் காணலாம். சுண்டெலிக்குப் பக்கம் பக்கமாக எதிர்ப்பொருள்கள். எலிக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் ஈடி1 போன்ற 1980-களின் குளோன்களே பெரும்பாலும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. பழையது என்பதால் குறைவில்லை. அவற்றைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். அதனாலேயே அவற்றைத் தவறாகப் படிப்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

ஈடி1-ஐ எடுத்துக்கொள்வோம். கட்டுரைகளில் "ஈடி1, மேக்ரோஃபேஜ் அடையாளம்" என்று ஒற்றை வரியில் கடந்துபோவார்கள். அது ஒட்டும் பொருள் எலியின் சிடி68 என்று 1990-களில் தெரியவந்தது. மேல்தோலில் அதிகம் இல்லாமல், செல்லுக்குள் செரிமானப் பைகளாகிய லைசோசோம்களின் சவ்வில் பெரும்பங்கு இருக்கும் புரதம் அது. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது சமையலறைச் சங்கதி: செல்லின் சுவரில் துளையிட்டால்தான் எதிர்ப்பொருள் உள்ளே போகும். சப்போனினோ டிரைட்டனோ சேர்க்காமல், உயிரோடிருக்கும் செல்லில் ஈடி1 பூசி, ஒளி குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

இரண்டாவது அதைவிடக் கனமானது. செரிமானப் பை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஈடி1 ஒளிரும். பசித்திருக்கும் தின்னியைவிட உண்டு கொழுத்த தின்னி பளிச்சென்று தெரியும். நலமான எலியின் மூளையில் மைக்ரோகிளியா கிளைவிரித்து எங்கும் நிறைந்திருக்கும். ஓஎக்ஸ்-42 அவற்றைக் காட்டும், ஈடி1 பெரும்பாலும் காட்டாது. மூளையில் ஒரு காயம் ஏற்பட்டால் அந்த இடத்தில் ஈடி1 செல்கள் குவிகின்றன. "இரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்கள் படையெடுத்தன" என்று எழுதத் தோன்றும். வந்திருக்கவும் கூடும். ஆனால் அங்கேயே குடியிருந்த மைக்ரோகிளியா, சிதைந்த நரம்புத் துணுக்குகளைத் தின்னத் தொடங்கி லைசோசோம் பெருத்ததாலும் அதே படம் கிடைக்கும். தெருவில் திடீரென்று நூறு வீடுகளில் விளக்கு எரிந்தால், நூறு குடும்பங்கள் புதிதாகக் குடிவந்தன என்று முடிவுகட்டுவது போன்றது அது. உள்ளே இருந்தவர்கள் விளக்கைப் போட்டிருக்கலாம். ஈடி1 எண்ணிக்கையைக் "குடியேற்றம்" என்று படித்த கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம், எதிர்ப்பொருள்மீது குற்றமில்லை, அதைப் படித்த கண்மீதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி, மேக்ரோஃபேஜுக்கே உரிய தனிச் சிக்கலுக்கு வருவோம். எதிர்ப்பொருள் என்பது ஒய் வடிவம். இரண்டு கைகளால் இலக்கைப் பிடிக்கும். வால் ஒன்று பின்னால் நீண்டிருக்கும். உடலுக்குள் அந்த வாலுக்கு ஒரு பணி உண்டு. கிருமியைக் கைகளால் பற்றிக்கொண்ட எதிர்ப்பொருளின் வாலைப் பிடித்துக் கிருமியையும் சேர்த்து விழுங்குவதற்கென்றே மேக்ரோஃபேஜின் மேல்தோலில் ஏற்பிகள் முளைத்திருக்கின்றன. எஃப்சி ஏற்பிகள் என்பார்கள். அதாவது எந்தச் செல்லை அடையாளம் காட்ட எதிர்ப்பொருளை அனுப்புகிறோமோ, அந்தச் செல்லின் தொழிலே எதிர்ப்பொருளை வாலைப் பிடித்து இழுப்பதுதான். திருடனைப் பிடிக்க அனுப்பிய ஆளைத் திருடன் பிடித்துக் கட்டிப்போட்ட கதை. பி செல்லுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஊற்றினாலும் மேக்ரோஃபேஜ் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கைகளால் ஒட்டியதா, வாலால் ஒட்டியதா என்று தெரியாது. ஒளிக்கு முகமில்லை.

இதைச் சமாளிக்கச் சில வழிகள் புழக்கத்தில் உள்ளன. எலியின் செல்களைச் சாயமிடும் முன், எலியின் சிடி32 என்ற வால்பிடி ஏற்பியில் ஒட்டும் எதிர்ப்பொருளை முதலில் ஊற்றி வாயை அடைத்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் "பிளாக் போட்டாச்சா?" என்று கேட்பது இதையும் சேர்த்துத்தான். அல்லது பெப்சின் நொதியால் வாலை வெட்டிவிட்டுக் கைகளை மட்டும் அனுப்பலாம். அல்லது எந்த இலக்கும் இல்லாத, ஆனால் வால் அதே வகையான எதிர்ப்பொருளை இன்னொரு சீவலில் பூசி, வெறும் வால்பிடி எவ்வளவு என்று ஒப்பிடலாம். ஐசோடைப் கட்டுப்பாடு என்ற இந்தக் கடைசி வழியைப் பலரும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அரைச் சாட்சிதான். ஒப்பிடும் இரண்டு எதிர்ப்பொருள்களிலும் சாய மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் ஏறியிருக்க வேண்டும், செறிவு சமமாக இருக்க வேண்டும். இரண்டையும் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் குறைவு.

வாலை அடைத்தாலும் சாயமே காட்டிக்கொடுக்கலாம். ஃபைக்கோஎரித்ரின் என்பது செம்பாசியிலிருந்து எடுக்கும் மிகப் பிரகாசமான புரதச் சாயம். எடை சுமார் 2,40,000 டால்டன். எதிர்ப்பொருளின் எடையே 1,50,000 டால்டன்தான். ஆளைவிடப் பெரிய விளக்கை ஆளின் தோளில் ஏற்றுகிறோம். இந்தச் சாயத்தோடு சை5 என்ற சாயத்தைச் சேர்த்துச் செய்த கூட்டுச் சாயம், மனித இரத்தத்தில் ஓடி, பின்னர் மேக்ரோஃபேஜாக முதிரக்கூடிய மோனோசைட் செல்களின் சிடி64 என்ற வால்பிடி ஏற்பியில் நேரடியாகவே ஒட்டுகிறது என்று 1996-ல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலக்கும் இல்லை, வாலும் இல்லை; விளக்கே போய் ஒட்டிக்கொண்டது. விழுங்கும் பரம்பரைச் செல்லிடம் எதைக் கொடுத்தாலும் அது ஏதாவது ஒரு வழியில் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்து வேலை செய்வதுதான் உத்தமம்.

எலிக்கென்று இன்னொரு தொல்லை இருக்கிறது. அது உறவுத் தொல்லை. ஈடி1 சுண்டெலி செய்த எதிர்ப்பொருள். அதை நேரடியாகச் சாயத்தோடு இணைக்காமல், சுண்டெலி எதிர்ப்பொருளை எங்கே கண்டாலும் ஒட்டும் இரண்டாம் எதிர்ப்பொருளில் சாயத்தைக் கட்டி அனுப்புவது பரவலான முறை. முதல் ஆள்மீது இரண்டாம் ஆள்கள் பலர் ஏறுவதால் ஒளி பெருகும். இந்த இரண்டாம் எதிர்ப்பொருளை ஆட்டிலோ கழுதையிலோ உருவாக்குவார்கள். ஆட்டின் கண்ணுக்குச் சுண்டெலியும் எலியும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் பிரிந்தது சுமார் 1.2 கோடி முதல் 2.4 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று 2004-ல் வந்த எலி மரபணுத்தொகுப்பு ஆய்வு மதிப்பிட்டது; பரிணாமக் கணக்கில் அது பங்காளி உறவு. விளைவாக, எலியின் திசுவில் இயல்பாகவே ஊறிக் கிடக்கும் எலியின் சொந்த எதிர்ப்பொருள்கள்மீதும் ஆட்டு எதிர்ப்பொருள் ஏறிவிடும். அழற்சியுள்ள திசுவில், இரத்தக் குழாய் கசிந்த இடத்தில், இது மிக அதிகம். ஆய்வாளர் தேடுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். எலியின் புரதங்களின்மேல் ஓடவிட்டு, அவற்றோடு ஒட்டுபவற்றைக் கழித்தெடுத்த இரண்டாம் எதிர்ப்பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். புட்டியின் விலை சற்றுக் கூடும். முதல் எதிர்ப்பொருளை ஊற்றாமல் இரண்டாவதை மட்டும் ஊற்றிய ஒரு சீவலைப் பார்த்தால், அந்த விலைக்குக் காரணம் உடனே புரியும்.

கூன்ஸ் நீலத்திலிருந்து தப்பித்துப் பச்சைக்கு ஓடினார் அல்லவா, மேக்ரோஃபேஜிடம் பச்சையும் பாதுகாப்பில்லை. தின்றதில் செரிக்காத கசடு லிபோஃபசின் என்ற நிறமியாகத் தேங்கும். அது நீலத்திலிருந்து சிவப்புவரை அகலமாக ஒளிரும். எலியின் நுரையீரல் காற்றறையில் வாழும் மேக்ரோஃபேஜ்கள் எந்த எதிர்ப்பொருளும் படாமலேயே பொன்மஞ்சளாக மின்னுவதைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். வயதான எலியென்றால் இன்னும் அழகு, இன்னும் ஆபத்து. சூடான் பிளாக் என்ற கொழுப்புச் சாயத்தால் இதைக் கொஞ்சம் அடக்கலாம். இந்தக் கசடின் ஒளி அவ்வளவு வலுவில்லாத தொலைசிவப்புச் சாயங்களுக்கு மாறலாம். ஆனால் அந்த நிறம் மனிதக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கேமராதான் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பழகியவர்கள் எதிர்ப்பொருளைத் தொடுவதற்குமுன் ஒன்றும் பூசாத சீவலை நுண்ணோக்கியின் எல்லா வடிகட்டிகளிலும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. தானாகவே ஒளிரும் செல் எது, எந்த நிறத்தில், எவ்வளவு என்று அப்போதே தெரிந்துபோகும்.

எண்ணுவதிலும் ஒரு கண்ணி இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேக்ரோஃபேஜ் உருண்டையான செல் அல்ல; கை கால் நீட்டித் திசுவின் இடுக்குகளில் படர்ந்திருக்கும். ஐந்து மைக்ரான் தடிமனில் சீவினால் ஒரே செல்லின் மூன்று கிளைகள் மூன்று புள்ளிகளாகத் தெரியும். உட்கருவைக் காட்டும் டாபி சாயத்தையும் பூசி, உட்கரு உள்ள புள்ளியை மட்டும் செல் என்று எண்ணாவிட்டால் கணக்கு வீங்கிவிடும்.

இப்போது ஈடி2. இன்றைய ஆய்வுகளில் அதிகம் வம்புக்கு இழுக்கப்படுவது இதுதான். அது ஒட்டுவது சிடி163 என்ற மூலக்கூற்றில். சிவப்பணு உடைந்து வெளிப்படும் ஹீமோகுளோபினை ஹேப்டோகுளோபின் என்ற புரதம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டை இரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பி சிடி163 என்று 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பழைய சிவப்பணுக்களைக் கரைக்கும் மண்ணீரலின் சிவப்புக் கூழிலும், கல்லீரலின் மேக்ரோஃபேஜ்களான குஃப்பர் செல்களிலும் ஈடி2 ஏன் பளிச்சிடுகிறது என்பதற்கு இது விளக்கம் தருகிறது. இரத்தத்தில் ஓடும் எலி மோனோசைட்டில் ஈடி2 தெரியாது. திசுவில் குடியமர்ந்து முதிர்ந்த பிறகே தெரியும்.

தசைக் காயத்தில் இந்த வேறுபாடு ஒரு நல்ல கதையைச் சொல்லியது. எலியின் பின்னங்கால்களைத் தரையில் படாமல் சில நாள் தொங்கவிட்டு, எடையற்ற நிலையைப் போலத் தசையை மெலியவைப்பார்கள். பிறகு காலை ஊன்றவிட்டால் மெலிந்த தசை காயப்படும். 1994-ல் செயின்ட் பியரும் டிட்பாலும் இந்த முறையில் பார்த்தபோது, ஈடி1 செல்கள் முதலில் வந்து சிதைந்த நார்களுக்குள் புகுந்து துப்புரவு செய்தன. ஈடி2 செல்கள் பிந்திப் பெருகின. அவை நின்ற இடம் செத்த நாருக்குள் இல்லை, தசை மீண்டும் வளரும் பகுதிகளில். அழிப்பவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளில் வலுப்பெற்றது.

இதன்மேல் எம்1, எம்2 என்ற பெயர்கள் வந்து உட்கார்ந்தன. எம்1 சண்டைக்காரன், எம்2 வைத்தியன். எலியில் சிடி163 ஒளிர்ந்தால் எம்2 என்று ஒரு சுருக்குவழி பிறந்தது. உடலில் பொருத்தும் உயிர்ப்பொருள் சட்டகங்களைப் பற்றிய ஆய்வுகள் இந்த வழியைப் பெரிதும் பின்பற்றின. 2008-ல் பிட்ஸ்பர்க்கில் ஸ்டீஃபன் பேடிலக்கின் குழு எலியின் வயிற்றுச் சுவரில் பொருத்திய சட்டகங்களைச் சுற்றி எந்தவகை மேக்ரோஃபேஜ் கூடுகிறது என்று எதிர்ப்பொருள்களால் பார்த்து, அதற்கும் திசு நன்றாக அமைவதற்கும் தொடர்பு கண்டது. அந்த வேலையின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பிறகு வந்தவர்கள் அந்த ஒளியை அளவுக்கு மீறி நம்பினார்கள் என்பதுதான் என் குறை. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் மேக்ரோஃபேஜில் சிடி163-ஐக் கூட்டுகின்றன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைப் பூசிய ஒரு பொருளை எலியில் பொருத்திவிட்டு, "ஈடி2 கூடியது, எனவே ஆற்றும் மேக்ரோஃபேஜ்கள் கூடின" என்று எழுதினால், மருந்து அந்த ஏற்பியின் மரபணுவைத் தூண்டியதையே மீண்டும் அளந்ததாகவும் இருக்கலாம். இரத்தம் கசிந்த காயத்தில் ஹீமோகுளோபின் துப்புரவுக்காகவும் அதே ஏற்பி தேவைப்படும். 2014-ல் இத்துறையின் முன்னணி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, எம்1, எம்2 என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் எந்தத் தூண்டுதலில் எந்தச் செல் என்று விவரித்து எழுதுங்கள் என்று வேண்டினார்கள். வேண்டுகோள் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பின்பற்றுவது அந்த அளவுக்கு இல்லை.

ஒரே எதிர்ப்பொருளை நம்பாதே, பலவற்றைச் சேர்த்துப் பார் என்பது நியாயமான யோசனை. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்கள் வரிசையாக லேசர் ஒளியைக் கடக்கும்போது ஒவ்வொன்றிலும் பல நிறங்களை ஒருசேர அளக்கலாம். ஆனால் இங்கும் சுண்டெலிப் பழக்கம் எலியில் காலை வாரும். சுண்டெலி வேலையில் பழகியவர் சிடி4 ஒளிரும் செல்லை உதவி டி செல் என்று உடனே ஒதுக்குவார். எலியின் மேக்ரோஃபேஜ்களிலும் சிடி4 உண்டு. டபிள்யூ3/25 ஒட்டுவது டி செல்லில் உள்ள அதே மூலக்கூறுதான் என்று 1985-ல் வில்லியம்ஸின் குழுவே உறுதிசெய்தது. மனித மேக்ரோஃபேஜிலும் சிடி4 இருக்கிறது. ஆக இந்த விஷயத்தில் எலி மனிதனுக்கு நெருக்கம், சுண்டெலிதான் விலகி நிற்கிறது. டி செல்லை உறுதிப்படுத்தும் இன்னொரு அடையாளத்தைச் சேர்க்காமல் எலியில் சிடி4 எண்ணுபவர், தின்னிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருப்பார்.

எதிர்ப்பொருள்களின் நம்பகம் இன்று எல்லாத் துறைகளிலும் விவாதப்பொருள். 2015-ல் 'நேச்சர்' இதழில் பிராட்பரியும் புளூக்தனும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் ஒப்பத்தோடு, எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசையால் வரையறுக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை ஒரே முறையில் சோதித்தது. புரதம் அறவே இல்லாத செல்லை உருவாக்கி, அதிலும் ஒளிர்கிறதா என்று பார்ப்பதே அதன் உரைகல். தங்கள் இலக்கைப் பிடிக்கவே பிடிக்காத எதிர்ப்பொருள்கள் பல, அச்சான ஆய்வுகளில் ஏற்கனவே பயன்பட்டிருந்தன.

எலி மேக்ரோஃபேஜுக்கு இந்த உரைகல் தாமதமாகத்தான் கிடைத்தது. மேக்ரோஃபேஜ்கள் வளரவும் வாழவும் சிஎஸ்எஃப்1ஆர் என்ற ஏற்பி வேண்டும். 2018-ல் எடின்பரோவைச் சேர்ந்தவர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, அந்த மரபணுவை முடக்கிய எலிகளை விவரித்தது. அவற்றின் மூளையில் மைக்ரோகிளியா இல்லை. மைக்ரோகிளியாவைக் காட்ட எலியில் அதிகம் பயன்படும் ஐபிஏ1 எதிர்ப்பொருளை அந்த மூளையில் பூசினால், கிளைவிரித்த செல்கள் நிறைந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. எலிக்கான ஓர் எதிர்ப்பொருள் உண்மையிலேயே இந்தச் செல்லைத்தான் காட்டுகிறதா என்று கேட்க, இப்போது இப்படி ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கேயும் ஒளிர்ந்தால் அந்த ஒளி வேறெங்கிருந்தோ வருகிறது.

எல்லா ஆய்வுக்கூடங்களும் அந்த எலியை வளர்க்க முடியாது. முடிந்ததை எழுதலாம். "மேக்ரோஃபேஜ்கள் பச்சையாகத் தெரிகின்றன" என்ற படக்குறிப்பின்கீழ் குளோனின் பெயர், எந்த விலங்கு செய்தது, சாயம் நேரடியா இரண்டாம் ஆள் வழியா, திசு உறையவைத்ததா ஃபார்மலினில் ஊறியதா, வால்பிடியை அடைத்தது எதைக்கொண்டு, பூசாத சீவலின் படம் எங்கே என்று நான்கைந்து வரிகள் கூடுதலாகும். ஓஎக்ஸ்-42 போன்றவை ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் புதைத்த திசுவில் சரியாக ஒட்டுவதில்லை. ஈடி1 அதே மெழுகுச் சீவலை இடையகக் கரைசலில் சூடுபடுத்தி எடுத்தால் ஒட்டும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே தட்டில் ஒப்பிட்டு "ஓஎக்ஸ்-42 செல்கள் இல்லை" என்று முடிவுகட்டியவரின் எலியில் அந்தச் செல்கள் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஊறவைத்த ஃபார்மலின்தான் அவற்றின் முகத்தை மறைத்திருக்கும்.